குறைந்த விலை இடைக்கால வாள்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது

ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் புழங்கிய, நேரான, இருபுறமும் கூருள்ள ஒருகை வாளின் நகல் ஒன்றை வாங்க விரும்புவதாகவும், இரண்டில் எதை எடுப்பது என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் அலகும் பொன்முலாம் பூசிய கைப்பிடியும் கொண்டது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடுகிறது. மற்றொன்று அலங்காரமே இல்லாத கார்பன் எஃகு வாள். விலையோ நான்கைந்து மடங்கு. இந்த விலை வித்தியாசம் நியாயமானதா, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யும் நகலை வாங்குவதில் பொருள் உண்டா, அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் இரண்டுக்கும் என் பதில் ஆம் என்பதே. சுவரில் மாட்டிப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் முதலாவது போதும். ஆனால் ஒரு முறையாவது கையில் எடுத்து வீசிப் பார்க்கும் ஆசை இருந்தால், அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அதற்கு ஸ்டெயின்லெஸ் எஃகை மட்டும் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். மலிவு வாள்களின் குறை பெரும்பாலும் எஃகின் தரத்தில் இல்லை. அலகின் கனம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது, அலகு கைப்பிடிக்குள் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது. விற்பனைப் பக்கங்களில் எஃகின் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இந்த இரண்டையும் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அசல் வாள் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் நகலை எடைபோட முடியும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் ஓடும் ‘விதம்’ (Witham) என்ற ஆற்றிலிருந்து 1825இல் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு வாள் ஒன்று இருக்கிறது. அலகில் பொன்கம்பி பதித்து எழுதிய எழுத்துகளின் பொருளை இன்றுவரை யாரும் உறுதியாகச் சொன்னதில்லை என்பதால் அது பெயர் பெற்றது. நம் காரியத்துக்கு வேண்டியது அதன் அளவுகள்தாம். மொத்த நீளம் ஏறக்குறைய 96 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ. இடைக்கால வாள் என்றால் நாலைந்து கிலோ இருக்கும், இரும்பு மனிதர்கள்தாம் தூக்குவார்கள் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. எஞ்சியிருக்கும் ஒருகை வாள்களில் பெரும்பாலானவை 1 கிலோவிலிருந்து 1.4 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு கைகளால் பிடிக்கும் நீள்வாள்கூட ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே நிற்கும்.

அந்த இலகுத்தன்மை எங்கிருந்து வந்தது? கொல்லர் அலகை ஒரே கனமாக விடவில்லை. கைப்பிடிக்கு அருகில் ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் தொடங்கும் அலகு, முனையை நோக்கிப் போகப்போக மெலிந்து, கடைசியில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அகலமும் கூடவே குறையும். நடுவில் ஓடும் நீண்ட பள்ளம், பலர் நம்புவதுபோல் இரத்தம் வழிந்தோடுவதற்காக ஏற்பட்டதல்ல. விறைப்பு குறையாமல் எடையைக் குறைக்கும் வழி அது. இத்தனையும் சேர்ந்துதான் வாளின் முன்பகுதி கைக்குக் கனமாகத் தெரியாமல் இருந்தது.

தொழிற்சாலையில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஐந்து மில்லிமீட்டர் எஃகுத் தகட்டிலிருந்து வாளின் உருவத்தை வெட்டி எடுத்து, விளிம்புகளைச் சாணை பிடித்து, பள்ளத்தை இயந்திரத்தால் குடைகிறார்கள். நீளவாட்டில் கனத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு அலகுக்கும் கூடுதல் நேரம் சாணையில் நிற்க வேண்டும். கூலியும் சாணைக் கல்லும் கணக்கில் ஏறும். அதனால் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். என்னிடம் இருக்கும் மலிவு வாள் ஒன்றில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோது, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே கையைக் காக்கக் குறுக்கே நிற்கும் காப்பை ஒட்டி 4.8 மில்லிமீட்டரும், முனைக்கு ஒரு சாண் முன்னால் 4.3 மில்லிமீட்டரும் காட்டியது. படத்தில் அதுவும் அழகான இடைக்கால வாள்தான். கையில் எடுத்தால் கடப்பாறையின் குணம்.

இப்படி முன்கனம் கூடிய வாளைச் சரிக்கட்ட, கைப்பிடியின் கோடியிலுள்ள குமிழைப் பெரிதாக்கிவிடுவது தயாரிப்பாளர்களின் குறுக்குவழி. சமநிலைப் புள்ளி, அதாவது வாளை விரல்மேல் கிடத்தினால் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம், காப்பிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், விவரப் பட்டியலிலும் அந்த எண் நன்றாகத் தெரியும்; ஆனால் மொத்த எடை 1.7 கிலோவுக்கு ஏறியிருக்கும். ஆகவே சமநிலைப் புள்ளியை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். எடை என்ன, காப்பின் அருகில் அலகின் கனம் எவ்வளவு, முனையருகில் எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் அளந்து சொல்வார். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் இருக்க அதுவே போதுமான காரணம்.

நேரில் பார்த்து வாங்கும் வாய்ப்பு இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. கைப்பிடியை இரண்டு விரல்களால் தளர்வாகப் பிடித்து, முனை கீழ்நோக்கி இருக்கும்படி வாளைத் தொங்கவிட்டு, குமிழின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு முழுவதும் அதிரும். ஆனால் முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்பது கண்ணுக்கே தெரியும். அசையாத இன்னோர் இடம் கைப்பிடிக்குள், காப்பை ஒட்டி விழ வேண்டும். அப்படி விழுந்தால், எதையாவது வெட்டும்போது அதிர்வு கையில் ஏறாது. அந்த இடம் காப்பைத் தாண்டி அலகுக்குள் போயிருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு சுளீரென்று வலிக்கும். தட்டும்போதே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: லேசாகக் கடகடவென்று சத்தம் வந்தால் காப்போ குமிழோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்தச் சத்தம்தான் நம்மை இரண்டாவது குறைக்குக் கொண்டுபோகிறது. அசல் வாளில் அலகும் கைப்பிடிக்குள் நுழையும் தண்டும் ஒரே இரும்புத் துண்டு. அந்தத் தண்டு காப்பு, மரப்பிடி, குமிழ் மூன்றையும் ஊடுருவி வெளியே வரும்; வெளிவந்த நுனியைக் காய்ச்சிச் சுத்தியலால் தட்டி விரித்துவிட்டால் எல்லாம் இறுகிவிடும். சுவர் அலங்கார வாள்களில், அலகின் அடியில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அதன் கோடியில் மரை இழுத்து, குமிழைத் திருகிவிடுகிறார்கள். பற்றவைத்த அந்த ஓரங்குல இடத்தில் வீச்சின் முழு விசையும் வந்து சேர்கிறது. அங்கே அறுந்தால் அலகு தனியாகப் பறக்கும். கையில் பிடி மட்டும் மிஞ்சும். இதோடு, இவ்வளவு நீளமான அலகுக்கு வேண்டிய வளைந்து மீளும் தன்மை அலங்காரத்துக்கென்று செய்த ஸ்டெயின்லெஸ் அலகுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சமையலறைக் கத்தியின் நீளத்தில் அந்த எஃகு சிறப்பாகவே வேலை செய்கிறது. வாளின் நீளத்துக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது.

மரையும் திருகாணியும் எங்கே இருந்தாலும் மோசம் என்று சொல்ல மாட்டேன். தண்டு அகலமாகவும் அலகோடு ஒரே துண்டாகவும் இருந்து, அதன் நுனியில் மட்டும் மரை இருந்தால் அது பலமான அமைப்பே. தளர்ந்தால் நாமே இறுக்கிக்கொள்ளலாம் என்ற வசதியும் உண்டு. சீனாவின் டாலியன் நகரத்து ஹான்வெய் நிறுவனம், அமெரிக்க வாள் வடிவமைப்பாளர் டிங்கர் பியர்ஸின் வரைவில் செய்யும் வாள்கள் இப்படிப்பட்டவை. கூரான அலகைக் கழற்றிவிட்டு மழுங்கிய அலகை மாட்டிக்கொள்ளவும் அவற்றில் இடமுண்டு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது, தண்டு அலகோடு ஒரே துண்டா, காப்புக்குள் நுழையும் இடத்தில் அதன் அகலம் என்ன என்பவைதாம்.

எஃகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1060 என்றால் ஏறத்தாழ 0.6 சதவீதக் கார்பன், 1095 என்றால் 0.95 சதவீதம். 5160, இ.என். 45, 65 மாங்கனீஸ் என்பவை ஸ்பிரிங் எஃகு வகைகள். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து நம் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதும் இந்தக் குடும்பத்து எஃகில்தான். இவற்றில் எதுவானாலும் துவைச்சல், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துப் பதமேற்றுவது, சரியாக இருந்தால் வாளுக்குப் போதும். துவைச்சல் தவறினால் எந்த எண்ணும் காப்பாற்றாது. ராக்வெல் அளவில் 48 முதல் 54 வரை கடினம் இருந்தால் திருப்திப்படலாம். ‘டமாஸ்கஸ் எஃகு’ என்று அலை அலையான கோலத்தோடு குறைந்த விலையில் வரும் வாள்களை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு வகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து அமிலத்தில் தோய்த்து எடுத்த கோலம் அது. அடுக்குகளுக்கிடையே பற்றாத இடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வாங்குபவரால் பார்க்க முடியாது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி, மேற்காசியாவுக்கு ஏற்றுமதியான பழைய உருக்குக்கும் இதற்கும் கோலத்தின் சாயலைத் தவிர வேறு உறவு கிடையாது.

யார் செய்ததை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். உலகச் சந்தையில் விற்கும் மலிவு விலை ஐரோப்பிய வாள்களில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போகிறது என்பது இங்கே பலருக்கு வியப்பாக இருக்கும். டேராடூனில் 1943இல் தொடங்கிய வின்ட்லஸ் நிறுவனம் முதலில் கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி என்னும் வளைந்த கத்தி செய்து கொடுத்தது. பின்னர் பல நாட்டு ராணுவங்களின் அணிவகுப்பு வாள்களையும், அமெரிக்காவின் ஜார்ஜியாவிலுள்ள விற்பனை நிறுவனத்தின் வழியாக இடைக்கால நகல்களையும் உலகெங்கும் அனுப்புகிறது. மீரட்டின் தீபிகா நிறுவனமும் இதே தொழிலில் இருக்கிறது. ரோமானியக் கவசம், தலைக்காப்பு முதல் வாள் வரை செய்கிறது. இவர்களுடைய வாள்களில் ஒரே மாதிரியின் இரண்டு பிரதிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று கச்சிதமாக வரும், அடுத்ததில் காப்பு அரை மில்லிமீட்டர் கோணலாக இருக்கும். திருப்பி அனுப்ப இடம் தரும் கடையில் வாங்குங்கள் என்பதைத் தவிர அதற்கு மருந்து இல்லை. பொதுவாக இவை 150 டாலரிலிருந்து 400 டாலர் வரை விற்கின்றன. இதற்கு மேல்தட்டில், அமெரிக்காவின் விஸ்கான்சினிலுள்ள ஆல்பியன் நிறுவனம் ஸ்வீடன் நாட்டு வாள் வல்லுநர் பீட்டர் யோன்சன் அருங்காட்சியக வாள்களை நேரில் அளந்து வரைந்த வடிவங்களில் செய்கிறது. ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த விலையின் பெரும்பகுதி, நான் மேலே சொன்ன கனப் பங்கீட்டுக்கான கூலிதான்.

தொழிற்சாலை வாளை வாங்குவதில் பொருள் உண்டா என்ற உங்கள் தயக்கத்துக்கு வரலாறே நல்ல பதில் வைத்திருக்கிறது. இடைக்கால வாள்கள் எல்லாம் ஒரு மேதைக் கொல்லர் ஒரு பிரபுவுக்காகத் தவமிருந்து செய்தவை அல்ல. ஜெர்மனியின் பாசாவ், சோலிங்கன் நகரங்களில் அலகுகள் கட்டுக்கட்டாக உற்பத்தியாகி, வேறு ஊர்களில் கைப்பிடி பூட்டி விற்கப்பட்டன. விதம் ஆற்று வாளின் அலகும் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. பாசாவ் கொல்லர்களின் ஓடும் ஓநாய் முத்திரைக்குச் சந்தையில் மதிப்பு ஏறியதும் சோலிங்கன்காரர்களும் அதையே பொறித்தார்கள். அதற்கும் முன்பே, 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயர் பொறித்த வாள்கள் ஐரோப்பாவெங்கும் பரவின. இன்று சுமார் 170 கிடைத்துள்ளன. அவற்றில் எழுத்துப் பிழையோடு பெயர் பொறித்தவையும், மட்டமான இரும்பில் செய்தவையும் உண்டு. போலிச் சரக்கின் வயது ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது. பிற்காலத்தில் இதே ஐரோப்பிய அலகுகள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன; தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களில், உள்ளூர்க் கொல்லர் செய்த கைப்பிடியில் ஐரோப்பிய நேர் அலகைப் பூட்டியவை இருக்கின்றன. ஆகவே மொத்தமாகச் செய்த அலகு என்பதற்காக வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் வாங்கும் வாளை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கூர் தீட்டாமல் வரும் வாள், இருவர் மோதிப் பயிற்சி செய்வதற்கானது என்று எண்ணிவிடாதீர்கள். கூர் இல்லாவிட்டாலும் அதன் விளிம்பு மெல்லியது, முனை குத்தும், அலகு போதுமான அளவு வளைந்து கொடுக்காது. ஐரோப்பிய வாள்கலை பயில்வோர் பயன்படுத்தும் மழுங்கல் வாளில் விளிம்பு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனமாகவும், முனை உருட்டியோ விரித்தோ, குத்தும்போது வில்லாய் வளையும்படியும் இருக்கும். ஹங்கேரியில் இதற்கென்றே பெயர் பெற்ற பட்டறைகள் உண்டு. கூரான வாளால் தண்ணீர் பாட்டில், நனைத்த பாய்ச்சுருள் போன்றவற்றை வெட்டிப் பார்ப்பது வெளிநாடுகளில் பரவலான பொழுதுபோக்கு. மரக்கட்டையை வெட்டாதீர்கள், அது வாளின் வேலை இல்லை, கோடரியின் வேலை.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் வாளைக் கூர்முனை ஆயுத வகையில் வைக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் ஆனவை நீங்கலாக, அந்த வகைப்பாடு பொருந்தும். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் இவற்றை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. எனவே உங்கள் மாவட்டத்தில் நிலைமை என்ன என்பதைக் காவல் ஆணையர் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கூர் இல்லாத வாள் என்பதால் கவலையில்லை என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, வேலை செய்யும் ஆயுதமாக மாற்ற முடியாத பொருள்களுக்கே சட்டம் விலக்குத் தருகிறது; கார்பன் எஃகில் செய்த மழுங்கிய வாளைச் சாணை பிடித்தால் அது ஆயுதம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. கூர் தீட்டாத வாளையே வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எண்ணமிருந்தால், சுங்க அட்டவணையில் வாள்களுக்கு 9307 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. ‘அலங்காரப் பொருள்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள்.

பிரிட்டனில் இருக்கும் உங்கள் உறவினர் வாங்கி வைத்திருப்பதாகக் குறிப்பிட்டீர்கள். அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 முதல் 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமான வளைந்த அலகுள்ள வாள்களுக்குத் தடை இருக்கிறது, சில விலக்குகளோடு. 2025 ஆகஸ்டில் நிஞ்ஜா வாள் எனப்படும் குறுகிய நேர்வாள்களும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இடைக்கால ஐரோப்பிய நேர்வாள் இந்த இரண்டிலும் வராது. ஆனால் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது அங்கும் குற்றம்.

கடைசியாகப் பராமரிப்பு. வாங்கிய பிறகு கார்பன் எஃகு வாளின் ஒரே பகை ஈரம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். விரல்ரேகை பட்ட இடம் சில நாளில் அதே வடிவத்தில் பழுப்பாகிவிடும். ஒவ்வொரு முறை கையில் எடுத்த பிறகும் அலகைப் பருத்தித் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி எடுக்காத வாளென்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவாக்கிய ரெனசான்ஸ் மெழுகு நன்றாகத் தாங்கும். துரு லேசாகத் தெரிந்தால் எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய உப்புத்தாளால், தொழிற்சாலை மெருகின் கோடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் நிலைத்துவிடும்.

உறையோடு வாங்கினாலும் வாளை உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். மலிவு உறைகளில் மரமே இருக்காது, வெறும் தோல்தான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது தோலில் தங்கிய அமிலமும் அலகைக் கறுக்கடிக்கும். மழைக்காலம் முடிந்து உருவினால் காப்பிலிருந்து முனைவரை திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்திருக்கும். வாளைத் தனியாகக் கிடையாக வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மரப்பிடி பருவத்துக்கேற்பச் சுருங்கி விரிவதால் ஓராண்டுக்குள் காப்பு சற்று ஆடத் தொடங்கலாம். காப்புக்கும் அலகுக்கும் இடையே ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, சிறிது எபாக்சி பசை விட்டால் நின்றுவிடும். ஆனால் ஆட்டம் குமிழின் பக்கம் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வாளை வீசக் கூடாது.